பதிமூன்றாம் எண் இல்லாத நூலகம்

மதலைமுத்துவை ஹோட்டலிலிருந்து யாரும் விரட்டவில்லை. மேனேஜர் அவனை எதிரில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, சர்க்கரையையும் தன் கையாலேயே போட்டுக் கலக்கிக் கொடுத்த பிறகுதான் பேச்சை ஆரம்பித்தார்.

"மிஸ்டர் மதலைமுத்து, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. யார் எந்த ரூம், யாருக்கு எந்தப் பேப்பர், எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனா முகம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. நேத்திக்குப் புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு வந்துச்சு. சாவி குடுத்தீங்க. மேல போனதும் முதல் வேலையா ஊருக்கு டிரங்க் கால் போட்டு, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டிருக்காங்க."

மதலைமுத்து டீயைக் குடித்து முடித்தான். மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. மனைவி ஜூடித் மஞ்சள்காமாலையில் பதினொரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே அவன் வேலைக்கு வந்துவிட்டான். கை சாவியை எடுத்தது, வாய் "குட் மார்னிங்" சொன்னது. முகம் மட்டும் அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. வயது இருபத்தொன்பது, படிப்பு பி.ஏ., சரித்திரம், மேஃபீல்ட் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஆறு வருடம்.

"சிரிக்க வேண்டாத இடமாப் பாருங்க," என்றார் மேனேஜர், நல்ல மனதோடு. "பேங்க், கோர்ட்டு, அந்த மாதிரி."

பேங்கில் சிரிக்க வேண்டியிருந்தது. கோர்ட்டில் கன்னட டைப் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 1959 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது மாதா கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது. ரிச்சர்ட்ஸ் டவுன் குடியிருப்போர் சங்க நூலகத்துக்கு ஆள் தேவை; பட்டதாரியாகவும் அமைதியானவராகவும் இருக்க வேண்டும். கடைசி வார்த்தைகளை அவன் இரண்டு முறை படித்தான். தன்னைப் பார்த்து வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருந்தது.

சங்கத் தலைவர் ஆம்ப்ரோஸ் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களையும் முன்னும் பின்னும் பார்த்து, எடை போட்டுத்தான் உள்ளே விடுவார்.

"தம்பி சிரிக்கவே மாட்டியா?"

"மாட்டேன் சார்."

"ரொம்ப நல்லது. முன்னாடி இருந்தவன் சிரிச்சுப் பேசியே ஒருத்தரையும் படிக்க விடல. ஆனா ஒண்ணு கேட்டுக்க. உன் சம்பளம் நிரந்தரமா வரணும்னா சர்க்கார் மானியம் வரணும். மானியம் வரணும்னா அறுபது மெம்பர் வேணும், எல்லாரும் புஸ்தகம் எடுத்துப் படிச்சதுக்கு ரிஜிஸ்தர் இருக்கணும். ஜூலையில இன்ஸ்பெக்டர் வருவாரு. இல்லேன்னா இந்த இடத்துல என் மச்சான் சிமெண்டு மூட்டை அடுக்கறேன்னு கேட்டுட்டிருக்கான். அவனுக்குக் குடுத்துடுவோம்."

இடம் என்றது ஒரு கொட்டகையை. வெள்ளைக்காரக் கர்னல் ஒருவர் குதிரைவண்டி நிறுத்தியது. உள்ளே நானூற்றுச் சொச்சம் புத்தகங்கள். பாதி, சீமைக்குக் கப்பலேறியவர்கள் சுமக்க மாட்டாமல் விட்டுப்போனவை. மீதி தமிழ் நாவல்களும் கையேடுகளும். மெம்பர்கள் பதினொரு பேர். விசாரித்ததில் அவர்களில் இரண்டு பேர் காலமாகியிருந்தார்கள்.

மதலைமுத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். யாரும் வரவில்லை. யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. செத்தாலும் இந்த நாற்காலியை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டான்.

நூலகம் நடத்த அவனுக்குத் தெரியாது. ஹோட்டல் நடத்தத் தெரியும். ஆகவே ஹோட்டலையே நடத்தினான்.

முதல் தெரு அவனுக்கு முதல் மாடி, இரண்டாம் தெரு இரண்டாம் மாடி. சேருகிற வரிசையில் முதல் தெருக்காரர்களுக்கு 101, 102 என்றும், இரண்டாம் தெருக்காரர்களுக்கு 201, 202 என்றும் எண் கொடுத்தான். ரிஜிஸ்தரில் எண்ணும் புத்தகமும் தேதியும் மட்டும்தான். பெயர் கிடையாது. பெயரெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. எந்த அறையில் யார் என்பதை மூன்றாம் மனிதருக்குச் சொல்லக் கூடாது என்பது ஹோட்டலில் முதல் நாள் சொல்லித் தந்த பாடம். அதோடு, எட்டு மாதமாகப் பார்க்கிறவர்களெல்லாம் தன்னை விசாரித்ததில், விசாரிக்காத இடத்தின் அருமை அவனுக்குத் தெரிந்திருந்தது.

கெடு தாண்டியவர்களின் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்குப் போய்க் கதவை மூன்று தட்டுத் தட்டுவான். "குட் மார்னிங். மணி ஆறு. உங்கள் புத்தகம் இன்றைக்குக் காலி செய்ய வேண்டும்." அந்த முகத்தை அந்த நேரத்தில் ஒரு முறை பார்த்தவர்கள் இரண்டாம் முறை கெடு தாண்டியதில்லை.

கதவில் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் "இன்றைய ஸ்பெஷல்" என்று ஒரு புத்தகத்தின் பெயர் எழுதியிருக்கும். சிலேட்டு தொங்குவதைப் பார்த்து ஹோட்டல் என்று நினைத்த ஜட்காக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இரண்டு கட்லெட் கேட்டார். ஹோட்டலில் இல்லை என்ற சொல்லே கிடையாது. வேறு ஒன்றைக் காட்ட வேண்டும். மதலைமுத்து கட்லெட்டுக்குப் பதிலாகக் குதிரை வைத்தியம் பற்றிய படம் போட்ட புத்தகத்தைக் காட்டினான். அவர் 106 ஆனார்.

முதல் புகார் பிரிஜெட்டிடமிருந்து வந்தது. பிரிஜெட் வீடு வீடாகப் போய்த் துணி எடுத்து இஸ்திரி போடுகிறவள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். ஒரு நாவலைக் கொண்டுவந்து மேசை மேல் தொப்பென்று போட்டாள்.

"இன்னா சாரு, இது நாயமா? முன்னூறு பக்கம் அந்தப் பொண்ணு படாத பாடு படறா. சரி, கல்யாணம் ஆச்சு, இனிமே நல்லா இருப்பான்னு பார்த்தா, பொசுக்குனு சாகடிச்சுட்டான். நேத்தெல்லாம் இஸ்திரி போட முடியல. ஒரு சட்டையைத் தீய்ச்சுட்டேன்."

விருந்தாளி புகார் சொன்னால் காரணம் பேசக் கூடாது. மன்னிப்புக் கேட்டு, மாற்றித் தர வேண்டும்.

"மன்னிக்கணும்மா. வேற தர்றேன்."

"அதுல சாவு உண்டா?"

அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவமானமாக இருந்தது. சமையலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பரிமாறுகிற ஹோட்டல் உண்டா? அன்றிலிருந்து மூன்று வாரம், இருந்த நாவல்களின் கடைசி அத்தியாயங்களை மட்டும் ஒன்றுவிடாமல் படித்தான். மனைவிகள் நிறையப் பேர் இறந்திருந்தார்கள். காய்ச்சலில், பிரசவத்தில், ஆற்றில். அவன் ஒவ்வொன்றையும் மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். படித்து முடித்ததும், சைவமும் அசைவமும் வேறு வேறு அலமாரியில் வைப்பதுபோல், புத்தகங்களைப் பிரித்து அடுக்கினான். ஜன்னல் பக்கம் எல்லோரும் பிழைத்துக்கொள்கிறவை. சுவர்ப் பக்கம் யாராவது போய்விடுகிறவை.

கூட்டம் பெருகியது இதனால் மட்டும் இல்லை. இங்கே எடுப்பது வெளியே தெரியாது என்ற சேதி தெருத் தெருவாகப் போயிருந்தது. சிறுவர்களுக்கு ஞானோபதேசம் நடத்துகிற டீச்சரம்மா ஒருத்தி வாரத்துக்கு இரண்டு கொலை படித்தாள். மீசையை முறுக்கிவிட்டுத் திரியும் போலீஸ்காரர் ஒருவர் குழந்தைக்குப் பாலூட்டும் முறைகளைப் படித்தார். பெயர்கள் வேண்டாம். ஜூன் முடிவில் மெம்பர்கள் அறுபத்துமூன்று.

அப்போதுதான் ஆம்ப்ரோஸ் ஒரு நாள் ரிஜிஸ்தரைப் புரட்டியவர், ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு, இருநூத்திப் பதினாலு? வாடகைச் சட்டக் கையேட்டை மூணு தடவை எடுத்திருக்கு."

"மெம்பர் சார்."

"அது தெரியுது. எந்த மெம்பர்?"

"ரூம் நம்பர் மட்டும்தான் சார் சொல்றது."

ஆம்ப்ரோஸுக்கு ஒரு கவலை இருந்தது. அவர் வீட்டு மாடியில் ஃபாத்திமா என்ற தையல்காரம்மா பத்து வருடமாகக் குடியிருந்தாள். அவளைக் கிளப்பிவிட்டு மச்சானைக் குடிவைக்க வேண்டும். இந்த நேரத்தில் இரண்டாம் தெருவில் யாரோ சட்டம் படிக்கிறார்கள்.

"அந்த ஃபாத்திமாதானே? தலையை மட்டும் ஆட்டு தம்பி, போதும்."

மதலைமுத்துவின் தலை ஆடவில்லை. அது வேறெதற்கும் ஆடுகிற தலையாகவும் இல்லை.

"இன்ஸ்பெக்டர் வரட்டும்," என்றார் ஆம்ப்ரோஸ். "அப்பப் பாக்கறேன்."

இன்ஸ்பெக்டர் கஸ்தூரிரங்கன் ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை, தூறலில், குடையோடு வந்தார். மானியப் பட்டியல் அன்றோடு முடிகிறது என்றார். மெலிந்த மனிதர், கெட்டவர் இல்லை. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்வார், ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல். அலமாரிகளைச் சுற்றி வந்தார்.

"எந்த முறையில அடுக்கியிருக்கீங்க? பொருள் வாரியா, அகர வரிசையா?"

"ஜன்னல் பக்கம் யாரும் சாக மாட்டாங்க சார். சுவர்ப் பக்கம் யாராவது போயிடுவாங்க."

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நடுவுல ஒரு தட்டு இருக்கே?"

"சந்தேகக் கேஸ் சார். கடைசிப் பக்கம் கிழிஞ்சு போனது."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ரிஜிஸ்தரைத் திறந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நூத்திப் பன்னிரண்டுக்கு அப்புறம் நூத்திப் பதினாலு. பதிமூணு எங்கே?"

"ஹோட்டல்ல பதிமூணு கிடையாது சார். விருந்தாளிங்க படுக்க மாட்டாங்க."

"இங்க யாரு படுக்கறா?"

மதலைமுத்து யோசித்தான். "அது நியாயம்தான் சார்," என்றான்.

"சரி, பேரெல்லாம் எங்கே?"

"எனக்குத் தெரியும் சார்."

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சொல்றதில்ல சார்."

கஸ்தூரிரங்கன் பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் மதலைமுத்து, பேரில்லாத ரிஜிஸ்தர் செல்லாது. நீங்களே ராத்திரி உட்கார்ந்து அறுபத்துமூணு நம்பரை எழுதினீங்கன்னு ஒருத்தன் சொன்னா, நான் என்ன பதில் சொல்றது?"

ஆம்ப்ரோஸ் முன்னால் வந்தார். முகத்தில் மலர்ச்சி. "சொல்லிடு தம்பி. மூணு நிமிஷ வேலை. சொன்னா மானியம், உத்தியோகம், எல்லாம் உன் கையில. சொல்லலேன்னா சிமெண்டு. மொதல்ல அந்த இருநூத்திப் பதினாலைச் சொல்லு."

மூன்று நிமிஷம்கூட ஆகாது. அறுபத்துமூன்று பெயரும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. சொன்னால் நாற்காலி நிற்கும். சொல்லாவிட்டால், திங்கட்கிழமை முதல் மறுபடி யாருக்காவது பல்லைக் காட்ட வேண்டும். அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"அவங்களே வந்து, அவங்க நம்பருக்கு நேரா கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவீங்களா சார்?"

"அது போதும். ஆனா அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும்."

மணி மூன்றாகியிருந்தது.

பெரிய ஹோட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளிக்குத் தொலைபேசி வந்தால், பெயரைக் கூவி மானத்தை வாங்க மாட்டார்கள். அறை எண்ணைச் சிலேட்டில் எழுதிப் பிடித்துக்கொண்டு, மணியடித்தபடி ஓர் ஆள் கூடத்தைச் சுற்றி வருவான். வேண்டியவர் தானாக எழுந்து வருவார். மதலைமுத்து கதவிலிருந்த சிலேட்டை எடுத்து, "இன்றைய ஸ்பெஷ"லை அழித்து, "101 முதல் 131 வரை, 201 முதல் 234 வரை, தயவுசெய்து வரவும்" என்று எழுதினான். சங்கக் கூட்டத்துக்கு அடிக்கிற கைமணியை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கினான்.

முதல் தெருவில் நான்கு கதவுகள் பட்டென்று மூடின. அந்த முகம், மணி, எண்கள். ஏதோ ஊசி போட வருகிறார்கள் என்று ஓர் அம்மா குழந்தைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஒருவர் ஜன்னல் வழியாக, "எங்க வீட்ல யாருக்கும் காய்ச்சல் இல்லப்பா!" என்று கத்தினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடியில் விளங்கிவிடும். அவன் மணியை மட்டும் அடித்தான்.

இஸ்திரிப் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்த பிரிஜெட் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாரு, ஐஸ்கிரீமா விக்கறே?"

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் விசிறியைக் கீழே போட்டாள்.

"பேரு சொன்னா உனக்கு வேலை நிக்கும். அதுக்குச் சொல்ல மாட்டியா?"

"அவங்களைக் கேட்காம சொல்லக் கூடாது."

"பைத்தியக்காரன் சாரு நீ," என்றாள் பிரிஜெட். பிறகு மணியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "ஏ, எல்லாரும் கேளுங்கப்பா! நூத்தி நாலு நான்தான்! எனக்கு இன்னா வெட்கம்? வந்து கையெழுத்துப் போடுங்க, ஜல்தி. இல்லேன்னா ஆறு மாசமா யாரு யாரு தலகாணிக்கு அடியில இன்னா புஸ்தகம் வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். துணி எடுக்க உள்ள வர்றவ நான்!"

மூடிய கதவுகள் திறந்தன.

கொட்டகைக்கு வெளியே குடைகள் வரிசை கட்டின. ஒவ்வொருவரும் ரிஜிஸ்தரில் இடக்கையால் புத்தகப் பெயர்களை மறைத்துக்கொண்டு வலக்கையால் கையெழுத்துப் போட்டார்கள். டீச்சரம்மா தன் கைப்பையையே பக்கத்தின் மேல் வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஓர் அங்குலத்தில் போட்டாள். ஜட்காக்காரர் கட்டைவிரலை நீட்டினார். கஸ்தூரிரங்கன் தலை நிமிர்ந்தார்.

"படிக்கத் தெரியாதவர் எப்படி மெம்பர்?"

"படம் பாக்கறேன் சாமி. குதிரைக்கு வவுறு சரியாச்சே," என்றார் அவர். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்பதைக் கஸ்தூரிரங்கன் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

நாலேமுக்காலுக்கு வரிசை தீர்ந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை எண்ணினார். ஐம்பத்தொன்பது.

வராதவர் நாலு பேர். ஒருவர் கோலாருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒருத்தி பிரசவ ஆஸ்பத்திரியில். போலீஸ்காரர் டியூட்டியில். நாலாவது 214.

ஆம்ப்ரோஸ் குழம்பிப் போயிருந்தார். ஃபாத்திமா வந்துவிட்டாள், 209-க்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரைப் பார்த்துச் சலாமும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் எடுத்ததெல்லாம் ஊறுகாய் போடும் புத்தகங்கள். "அப்ப யாருய்யா அது?" என்று அவர் தெருவையே வெறித்தார். மதலைமுத்து எந்த வாசலில் போய் நிற்கிறானோ அதுதான் 214 என்று அவருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவன் சிலேட்டில் "214" என்று எழுதிக்கொண்டு இரண்டாம் தெருவுக்குப் போனான். எந்த வாசலிலும் நிற்கவில்லை. தெருவின் நட்டநடுவில், தார் ரோட்டைப் பார்த்தபடி, சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றான். மழைத் தண்ணீர் எண்ணின் மேல் வழிந்தது. நாலு கரையத் தொடங்கியது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுச் சுற்றிப் போனார். ஐந்துக்கு ஏழு நிமிஷம், ஆறு நிமிஷம். அவன் பார்வையைத் தூக்கவில்லை.

ஒரு கேட் கிரீச்சிட்டது. ஆம்ப்ரோஸ் வீட்டுக் கேட். அவர் மனைவி யூனிஸ், முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கையில் ஒட்டிய கடலை மாவோடு அவனைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தாள்.

"எவ்வளவு நேரம் நனைவே தம்பி? அடுப்பை அணைச்சுட்டு வர வேண்டாமா நான்?"

கொட்டகைக்குள் ஆம்ப்ரோஸ் வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் நகருங்க," என்றாள் யூனிஸ். பேனாவை வாங்கினாள். யாரிடமும் எதையும் மறைக்காமல் நிதானமாக முழுப் பெயரையும் எழுதினாள்.

"யூனிஸ், நீயா?" ஆம்ப்ரோஸ் ரிஜிஸ்தரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு எதுக்கு வாடகைச் சட்டம்?"

"வீடு எங்கப்பா என் பேர்ல எழுதி வச்சது. ஃபாத்திமாவைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் எழுதி, கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னு மூணு மாசமா என் மூக்குக்கு நேரா நீட்டிட்டிருக்கீங்க. படிக்காம எப்படிப் போடறது?"

"படிச்சியா?"

"மூணு தடவை. போடறதா இல்ல." அவள் பேனாவை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். "பஜ்ஜி போட்டிருக்கேன் சார். ஆறிடும். வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. இவரையும் கூட்டிட்டு வாங்க."

அவள் போன பிறகு இன்ஸ்பெக்டர் மறுபடி ஒரு முறை எண்ணினார்.

"அறுபது," என்றார் கஸ்தூரிரங்கன்.

"சார்," என்றார் ஆம்ப்ரோஸ், "இப்ப நடந்ததும் ரிப்போர்ட்ல வருமா?"

"எண்ணிக்கை மட்டும்தான் வரும்."

ஆம்ப்ரோஸ் மச்சானிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி பஜ்ஜிக்குப் போனார்.

கஸ்தூரிரங்கன் பையிலிருந்து நியமனப் படிவம் ஒன்றை எடுத்து மதலைமுத்துவின் முன்னால் வைத்தார். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினான். பெயர், தகப்பனார் பெயர், படிப்பு. அடுத்த வரியில் பேனா நின்றது. "மணமானவர் / மணமாகாதவர். பொருந்தாததை அடித்துவிடவும்."

"என்ன ஆச்சு?"

"இதுல எது சார் பொருந்தாதது?"

கஸ்தூரிரங்கன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவனைப் பார்த்தார். விதிப் புத்தகத்தை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டவர், எடுக்காமலே வெளியே இழுத்துக்கொண்டார்.

"ரெண்டுதான் அச்சடிச்சிருக்காங்க," என்றார்.

மதலைமுத்து மணமாகாதவரை அடித்தான். அடுத்த வரி மனைவியின் பெயர் கேட்டது. ஜூடித் என்று எழுதினான். அதற்கடுத்த வரி அவள் வயதைக் கேட்டது. இருபத்துநாலு என்று எழுதினான். இன்ஸ்பெக்டர் மை ஒற்றும் தாளை எடுத்து, அந்த இரண்டு வரிகளின் மேலும் அவரே அழுத்தி எடுத்தார்.

"இன்னா சாரு," என்றது வாசலில் ஒரு குரல். பிரிஜெட் இடுப்பில் கைவைத்து நின்றாள். "கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதா? புஸ்தகம் குடுக்கறது இன்னிக்கு உண்டா, இல்லியா?"

"உண்டு," என்று மதலைமுத்து எழுந்தான். "ஆறு மணி வரைக்கும்."